பழம் விடுகிற தண்ணீர்

வீட்டில் இருபது பேர் கூடுகிறார்கள், அதிகம் மெனக்கெடாமல் ஒரு இனிப்பு வேண்டும் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கஸ்டர்டு ஊற்றிய ஃப்ரூட் சாலட். முதல்நாள் இரவே பாலைக் காய்ச்சி வைத்துவிடலாம். மறுநாள் பழத்தை நறுக்கிக் கலந்தால் ஆயிற்று. குழந்தைகளும் சாப்பிடுவார்கள், மெல்ல முடியாத பெரியவர்களும் சாப்பிடுவார்கள். ஆனால் செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே மனக்குறை இருக்கிறது. காலையில் கெட்டியாக, கரண்டியில் ஒட்டிக்கொண்டு நின்ற கஸ்டர்டு, மதியம் பந்தி போடும்போது அடியில் தண்ணீராய்க் கிடக்கிறது. ஏன் இப்படி ஆகிறது? டீயை ஆற்றிக்கொண்டே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

முதலில் அந்த மஞ்சள் பாக்கெட்டைப் பிரிப்போம். உள்ளே இருப்பதில் ஏறக்குறைய எல்லாமே சோளமாவு. கூடவே கொஞ்சம் நிறமும் வெனிலா மணமும். முட்டை கிடையாது. ஐரோப்பியச் சமையலில் கஸ்டர்டு என்றால் முட்டையின் மஞ்சள் கருவால் கெட்டியாக்கிய பால். இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்டு என்ற மருந்துக்கடைக்காரர் இருந்தார். அவர் மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அவருக்காகத்தான் 1837-இல் முட்டைக்குப் பதில் சோளமாவை வைத்து இந்தப் பொடியை உண்டாக்கினார். முட்டை சேர்க்காத நம் வீடுகளுக்குள் கஸ்டர்டு இவ்வளவு சுலபமாக நுழைந்ததற்கு அந்த அம்மாளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சோளமாவு பாலை எப்படிக் கெட்டியாக்குகிறது? மாவின் ஒவ்வொரு துகளையும் கண்ணுக்குத் தெரியாத ஜவ்வரிசி என்று வைத்துக்கொள்வோம். பச்சைத் தண்ணீரில் அது சும்மா கிடக்கும். சூடு 65 டிகிரியைத் தொடும்போது தண்ணீரைக் குடித்து உப்பத் தொடங்கும். கொதிநிலை நெருங்கும்போது நன்றாக ஊதி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்ட பால் நகர இடமில்லாமல் கெட்டிப்படும். பொடியை நேராகக் கொதிக்கும் பாலில் கொட்டினால் கட்டி தட்டுவதும் இதனால்தான். மேலே உள்ள துகள்கள் சட்டென்று உப்பிப் பசையாகி, உள்ளே இருப்பவற்றுக்குப் பால் போகாமல் வழியை அடைத்துவிடுகின்றன. ஆறிய பாலில் பொடியைக் கரைத்து ஊற்றினால் துகள்கள் தனித்தனியாகப் பிரிந்து, எல்லாம் ஒரே நேரத்தில் வேகும்.

ஒரு லிட்டர் பாலுக்கு 50 கிராம் பொடி போதும், அதாவது சிறிய பாக்கெட்டில் பாதி. ஊற்றியதும் கைவிடாமல் கிளறி, ஒரு கொதி வந்தபின் இரண்டு நிமிடம் வைத்து இறக்கிவிடலாம். அதற்குமுன் இறக்கினால் பச்சைமாவு வாசம் போகாது. ரொம்ப நேரம் கொதிக்கவிட்டுக் கிளறிக்கொண்டே இருந்தாலும் உப்பிய துகள்கள் உடைந்து நெகிழ்ந்துவிடும். ஆறியபின் கட்டி இருக்கிறதே என்று மிக்ஸியில் ஓட்டுவதிலும் இதே ஆபத்து உண்டு. வடிகட்டியில் தேய்த்து எடுப்பதே நல்லது. அடுப்பிலிருந்து இறக்கும்போது கொஞ்சம் தளர இருந்தால் பயப்பட வேண்டாம். ஆற ஆற இறுகும்.

இனி அந்த மதிய நேரத் தண்ணீருக்கு வருவோம். அதைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது, ‘பொடி பத்தவில்லை, அடுத்த தடவை இன்னும் ரெண்டு ஸ்பூன் போட வேண்டும்’ என்பதுதான். இல்லையென்றால் பால்காரர் மேல் பழி விழும். பொடியைக் கூட்டினால் என்ன நடக்கும்? கஸ்டர்டு களிபோல் ஆகி, நாக்கில் மாவு ஒட்டும். மதியம் ஆனதும் அந்தக் களியைச் சுற்றியும் தண்ணீர் நிற்கும். நாம் குற்றம் சாட்டுவது பாலை. தண்ணீர் விடுவதோ பழம்.

பழத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு, பப்பாளியில் 88, தர்பூசணியில் 90-க்கும் மேல். இந்தத் தண்ணீர் பழத்தின் நுண்ணறைகளுக்குள் அடைபட்டு இருக்கிறது. கத்தி பட்ட இடத்தில் அறைகள் உடைந்து சாறு கசியும். அந்த நேரத்தில் வெளியே உள்ளே இருப்பதைவிட அதிகச் சர்க்கரை இருந்துவிட்டால், உடையாத அறைகளும் சுவர் வழியாகத் தண்ணீரை வெளியே விட ஆரம்பிக்கும். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். உப்புப் போட்ட மாவடு ஒரே நாளில் சுருங்கி ஜாடியில் நீர் விடுவதும் இதே வேலைதான். அங்கே அதை நாம் விரும்பிச் செய்கிறோம். இங்கே தெரியாமல் செய்துவிடுகிறோம்.

பழனி பஞ்சாமிர்தத்தை நினைத்துப் பாருங்கள். வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் சேர்கிற அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றுவதில்லை. அப்படியும் அது குழைவாக, வழியும் பக்குவத்தில் இருக்கிறது. பிசைந்த பழத்தின் ஈரத்தைச் சர்க்கரை வெளியே இழுத்துத் தானும் அதில் கரைந்துவிடுவதுதான் காரணம். சர்க்கரை அவ்வளவு அதிகமாக இருப்பதாலேயே அது பல நாள் கெடாமலும் இருக்கிறது. அதற்கு ஈரம் குறைந்த விருப்பாச்சி மலைவாழையைத் தேர்ந்தெடுத்த கை, இந்தக் கணக்கை நன்றாக அறிந்த கை.

இப்போது நம் கிண்ணத்தில் செய்யவேண்டியது தானாகவே தெரிகிறது. நறுக்கிய பழத்தின்மேல் சர்க்கரை தூவி ஊறவைக்கிற பழக்கத்தை முதலில் விடலாம். பழம் ஊறுவதில்லை, வற்றுகிறது. சர்க்கரையை முழுவதும் பாலிலேயே கரைப்போம், அதையும் அளவாக. பெரும்பாலான பழங்களில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து பங்கு சர்க்கரை இயல்பாகவே உண்டு. லிட்டர் பாலுக்கு 100 கிராம் சர்க்கரை என்றால் உள்ளும் புறமும் கிட்டத்தட்ட சமமாக இருக்கும். தண்ணீர் நகர அவசியம் இருக்காது. ருசிக்காகக் கண்டென்ஸ்டு மில்க்கைத் தாராளமாகக் கவிழ்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அதில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். அதைச் சேர்த்தால் பாலில் போடும் சர்க்கரையை அடியோடு நிறுத்திவிடலாம்.

நறுக்குவதிலும் கவனம் வேண்டும். துண்டு எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு வெட்டுப்பரப்பு, அவ்வளவு கசிவு. சுண்டுவிரல் நுனி அளவு துண்டு சாப்பிடவும் நன்றாக இருக்கும், சாறும் விடாது. கத்தி மழுங்கலாக இருந்தால் பழம் நசுங்கும். விதையில்லாத திராட்சையையும் மாதுளை முத்துக்களையும் முழுதாகவே போடலாம். தோல் கிழியாதவரை அவை ஒன்றும் செய்யாது. தர்பூசணியை இதில் சேர்க்கவே கூடாது என்பது என் கட்சி. பழம் கழுவிய ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். கஸ்டர்டு நன்றாகக் குளிர்ந்தபிறகே பழம் சேரவேண்டும். சூட்டில் போட்டால் பழம் வெந்து தளர்ந்து சாற்றை விட்டுவிடும்.

ருசி பார்த்த ஸ்பூனை மறுபடி பாத்திரத்துக்குள் விடுவதையும் சொல்லிவிட வேண்டும். எச்சில் படக்கூடாது என்று பாட்டிமார்கள் அதட்டுவதற்கு இங்கே இன்னொரு வலுவும் உண்டு. உமிழ்நீரில் மாவுச்சத்தை உடைக்கிற நொதி இருக்கிறது. நொதி என்பது தான் தீராமல் வேலையை மட்டும் செய்துகொண்டே போகிற ஒரு புரதம். கொஞ்சம் பட்டால் போதும். ஆறிய கஸ்டர்டைச் சில மணி நேரத்தில் இளக்கிவிடும்.

அன்னாசிக்கும் இப்படி ஒரு நொதி உண்டு, புரோமெலைன் என்று பெயர். அன்னாசி போட்ட கஸ்டர்டு கசக்கிறதே, புளிப்பு பாலைத் திரித்துவிட்டது போலும் என்று நினைப்போம். புளித்த திராட்சை போட்டால் அந்தக் கசப்பு வருவதில்லையே? பாலின் புரதத்தை இந்த நொதி துண்டு துண்டாக வெட்டுகிறது. அந்தத் துண்டுகளில் சில கசப்பானவை. சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். ஆகவே அன்னாசித் துண்டுகளை ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, வடித்து, ஆறவிட்டுச் சேர்க்கலாம். டின்னில் வருவது ஏற்கெனவே சூடு கண்டது, அப்படியே போடலாம்.

வாழைப்பழமும் ஆப்பிளும் கறுப்பது காற்று படுவதால். ஆப்பிள் துண்டுகளில் சில சொட்டு எலுமிச்சைச் சாறு பிசறினால் நிறம் நிற்கும். வாழையைக் கடைசியில் நறுக்கி நேராகக் கஸ்டர்டுக்குள் தள்ளிவிட்டால் காற்றுக்கு வேலையில்லை. குழைந்துபோகாத நேந்திரனோ மலைவாழையோ இதற்குத் தோது.

இருபது பேருக்கு ஒன்றரை லிட்டர் பாலும், நறுக்கியபின் ஒன்றரைக் கிலோ வருகிற பழமும் எடுத்தால் ஆளுக்கு ஒரு கிண்ணம் தாராளமாக வரும். கஸ்டர்டை அகலப் பாத்திரத்தில் ஊற்றி, ஐஸ் போட்ட தண்ணீர்த் தட்டில் வைத்துச் சீக்கிரம் ஆறவிட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். பழத்தைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு கலந்தால் போதும். வெளியே எடுத்து வைத்தபின் நம் ஊர் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடவேண்டாம். பால் கலந்த பண்டம், கிருமிகள் வேகமாகப் பெருகும். மிஞ்சியதை ஃப்ரீசரில் வைத்து உருகவிட்டால் மாவு பிடித்துவைத்த தண்ணீரெல்லாம் பிரிந்து நிற்கும். குச்சி செருகி உறையவைத்து, உறைந்தபடியே பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம்.