நாவைக் காப்போம், நாட்டைக் காப்போம்



தேர்தல் காலம் வந்துவிட்டால் தம் கட்சி என்ன செய்யும் என்று கூறுவதைவிட, எதிரணியினர் எவ்வளவு இழிந்தவர்கள் என்று கூறுவதே பிரசாரமாகிவிடுகிறது. பிறரைப் பரிகசிப்பதையும், பட்டப்பெயர் சூட்டுவதையும், புறம் பேசுவதையும் ஸூரத்துல் ஹுஜுராத் தடை செய்கிறது. தேர்தல் மேடைக்கென்று இதில் தனி விலக்கு எதுவும் இல்லை.

ஆட்சியாளரின் கொள்கையைக் குறை கூறுவது குடிமகனின் உரிமை. ஆனால் எதிராளியின் ஈமானையும் மானத்தையும் தாக்குவது வேறு. அதன் விளைவு எங்கே சென்று முடியும் என்பதற்குத் துனீஷியா ஒரு படிப்பினை.

2011ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் நடந்த தேர்தலில் அங்கே அந்நஹ்ளா கட்சி முதலிடம் பெற்றது. மார்க்கச் சார்புடையோரும் மதச்சார்பற்றோரும் ஒருவரையொருவர் நாட்டின் பகைவராகவே சித்திரித்தனர். 2013 பிப்ரவரியில் ஷுக்ரி பல்ஈதும், ஜூலையில் முஹம்மத் பிராஹ்மியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இருவரும் இடதுசாரி அணியின் தலைவர்கள். நாடு உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்றது.

அவ்வேளையில் தொழிற்சங்கம், தொழிலதிபர் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும் இரு தரப்பையும் ஒரே மேசையில் அமர்த்தின. அந்நஹ்ளாவின் தலைவர் ராஷித் அல்கன்னூஷியும் எதிரணித் தலைவர் பாஜி காயித் அஸ்ஸிப்ஸியும் நேரில் சந்தித்துப் பேசினர். 2014 ஜனவரியில் அந்நஹ்ளா தலைமையிலான அரசு தானே பதவி விலகி, கட்சி சாராத இடைக்கால அரசுக்கு வழிவிட்டது.

அதே மாதம் அரசியல் சாசன விவாதத்தின்போது, இடதுசாரி உறுப்பினர் ஒருவரை இஸ்லாத்தின் எதிரி என மற்றோர் உறுப்பினர் சாடினார். தமக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாக அவர் முறையிட்டார். இரு கொலைகளைக் கண்டிருந்த அவை விழித்துக்கொண்டது. பிறரைக் காஃபிர் எனத் தீர்ப்பளிக்கத் தூண்டுவதற்குத் தடை சாசனத்தின் 6ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. மார்க்கத்தையும் மனசாட்சிச் சுதந்திரத்தையும் ஒருங்கே காக்கும் பொறுப்பை அப்பிரிவு அரசுக்கு அளித்தது. 216 பேர் கலந்துகொண்ட வாக்கெடுப்பில் 200 பேர் சாசனத்தை ஆதரித்தனர். அந்நால்வர் அமைப்பு 2015இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றது.

விட்டுக்கொடுப்பது கோழைத்தனமா? ஹுதைபிய்யாவில் குறைஷியரின் ஆட்சேபத்தை ஏற்று, உடன்படிக்கையிலிருந்து ‘அல்லாஹ்வின் தூதர்’ என்னும் சொல்லை நீக்க அண்ணலார் (ஸல்) இசைந்தார்கள். சொல் நீங்கியது, சத்தியம் நீங்கவில்லை.

துனீஷியாவின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. கட்சிகள் கூடி ஆண்டும் வேலையின்மையும் விலைவாசியும் தீரவில்லை. மக்கள் கட்சிகள்மீதே நம்பிக்கை இழந்தனர். 2021 ஜூலையில் அதிபர் கைஸ் ஸயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். 2022இல் அச்சாசனமும் மாற்றப்பட்டது. தலைவர்கள் தமக்குள் இணங்கினால் மட்டும் போதாது. அந்த இணக்கத்தின் பலன் ஏழையின் வீட்டை அடைய வேண்டும்.

சகோதரர்களே! இன்று நாம் வசைபாடும் மனிதருடன்தான் நாளை ஒரே ஊரில் வாழ வேண்டியுள்ளது. எனவே ஒருவரைப் பற்றிய அவதூறு நம் காதுக்கு எட்டினால், அது நம்மோடு நிற்கட்டும். நாவைப் பேணி, மக்களிடையே சமாதானம் செய்யும் நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.