ஆகாயம் யாருக்குச் சொந்தம்?

1942-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 27-ந் தேதி, பம்பாயில் ஒரு மறைவிடத்திலிருந்து காங்கிரஸ் ரேடியோ பேசத் தொடங்கியது. அதன் அலைநீளம் 42.34 மீட்டர், இக்காலக் கணக்கில் சுமார் 7.08 மெகாஹெர்ட்ஸ். உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் இடம் மாற்றி இடம் மாற்றி அதை நடத்தி வந்தார்கள். அந்நிய சர்க்காரின் போலீஸார் அந்த அலையைத் தேடித் திரிந்தார்கள். நவம்பர் 12-ந் தேதி நிலையம் பிடிபட்டது. ஆகாயத்தில் எந்தெந்த அலைகள் நடமாடுகின்றன என்று துழாவிப் பார்க்கும் சக்தி அன்று சர்க்காரிடமே இருந்தது. சாதாரணப் பிரஜையிடம் இருந்ததெல்லாம், சொன்ன இடத்தில் முள்ளை வைத்துக் கேட்கும் ரேடியோப் பெட்டி ஒன்றுதான்.

அந்த நிலைமை இன்று அடியோடு மாறிவிட்டது. டெலிவிஷன் பார்ப்பதற்கென்று செய்யப்பட்ட, கட்டைவிரல் அளவுள்ள ஒரு மலிவான கருவி, தான் வாங்கும் அலைகளை அப்படியே எண்களாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கக்கூடியது என்பது 2012-ல் தெரியவந்தது. முன்பு கம்பிச் சுருள்களும் வால்வுகளும் செய்த வேலையை இப்போது கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருளே செய்கிறது. ஆகவேதான் இதற்கு மென்பொருள் ரேடியோ என்று பெயர்.

இது வேலை செய்யும் முறை எளிதில் விளங்கக்கூடியதே. கருவி வினாடிக்கு 24 லட்சம் தடவை அலையை அளக்கிறது. அதனால் ஏறக்குறைய 2 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு துண்டு ஒரே சமயத்தில் கண்ணுக்குத் தெரிகிறது. 1965-ல் கூலி, டூக்கி என்ற இருவர் வெளியிட்ட விரைவான கணித முறையினால், அந்தத் துண்டுக்குள் எந்த இடத்தில் எவ்வளவு பலம் என்று கம்ப்யூட்டர் பிரித்துக் காட்டுகிறது. எங்கும் பரவியுள்ள இரைச்சலின் மட்டத்துக்கு மேல் எது தலைதூக்குகிறதோ, அங்கே ஒருவர் பேசுகிறார் என்று அர்த்தம். அதைக் குறித்துக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போக வேண்டும். 24-லிருந்து 1,700 மெகாஹெர்ட்ஸ் வரையில் எண்ணூறுக்கு மேற்பட்ட துண்டுகள். அத்தனையையும் கருவி சில நிமிஷங்களில் சுற்றி வந்துவிடும். உஷா மேத்தாவின் 7.08 இந்த எல்லைக்குக் கீழே இருப்பதால், அங்கே கேட்க ஒரு சிறு துணைக் கருவி வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். தலைதூக்கும் ஒவ்வொன்றும் உண்மையான நிலையம் அல்ல. கருவி தானே உண்டாக்கும் போலிகளும் உண்டு. ஏரியலைக் கழற்றிய பிறகும் ஒரு குறி மறையாவிட்டால், அது கருவியின் சொந்தச் சரக்கு என்று தள்ளிவிடலாம். இரண்டாவது, ஐந்து வினாடி பேசி ஓய்பவர், கருவி வேறு துண்டில் இருக்கையில் பேசிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு சுற்றில் காணவில்லை என்பதனால் இல்லை என்று தீர்ப்புச் சொல்லலாகாது. பல நாள், பல வேளைகளில் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

இதெல்லாம் வாலிபர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆகாய அலைகள் பொதுச் சொத்து என்று 1995-ல் நமது சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. ஊர்ப் பொதுக் குளத்தில் எவ்வளவு நீர் இருக்கிறது, எந்த மதகு திறந்திருக்கிறது என்று பார்க்க ஊராருக்குப் பாத்தியதை உண்டு. ஆகாயமும் பொதுவாயின், அதில் எந்தப் பகுதி நிரம்பி வழிகிறது, எந்தப் பகுதி வெறுமையாகக் கிடக்கிறது என்று அறியும் பாத்தியதை பிரஜைக்கு எப்படி இல்லாமற் போகும்?

ஆயினும் சட்டத்தின் போக்கு வேறாக இருக்கிறது. கம்பியில்லாத் தந்திக் கருவியை லைஸென்ஸ் இன்றி வைத்திருப்பதே குற்றம் என்று 1933-ல் அந்நிய சர்க்கார் சட்டம் செய்தது. நமது பார்லிமெண்டே இயற்றிய 2023-ம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 3-வது பிரிவிலும், ரேடியோ சாதனம் வைத்திருக்க அநுமதி வேண்டும் என்ற வாசகம் காணப்படுகிறது. விலக்கு அளிக்கும் அதிகாரமும் அதே பிரிவில் சர்க்காருக்குத் தரப்பட்டிருக்கிறது. கேட்க மட்டும் கூடிய கருவி எது, ஒலிபரப்பக்கூடிய கருவி எது, எதற்கு விலக்கு என்பதைச் சாமானிய ஜனங்கள் அறியும் பாஷையில் சர்க்கார் தெளிவாக அறிவிக்க வேண்டும். சந்தேகத்தின் நிழலில் ஒரு மாணவனும் விஞ்ஞானம் படிக்கும்படி விடக் கூடாது.

பிரஜையின் கடமையையும் நாம் மறைக்க விரும்பவில்லை. தெருவில் எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்று எண்ணுவது வேறு. ஜன்னலில் காதை வைத்துக் கேட்பது வேறு. பிறர் செய்தியைச் சட்ட விரோதமாக இடைமறிப்பவருக்கு மூன்று வருஷம் வரை சிறை விதிக்க அதே சட்டத்தின் 42-வது பிரிவு இடமளிக்கிறது. அந்தப் பிரிவு நியாயமானது. அதை வைத்துக்கொண்டு விளக்கை எண்ணுபவனையும் மிரட்டுவதுதான் நியாயமாகாது.

சென்னையில் 1924-லேயே தனிப்பட்ட ஆர்வலர்கள் ரேடியோக் கழகம் ஒன்று அமைத்து ஒலிபரப்பினார்கள். சர்க்கார் வழி காட்டட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையில் இன்று அதைவிடச் சிறந்த கருவி இருக்கிறது. நமது கல்லூரிகள் ஒவ்வொன்றும் தத்தம் ஊரின் ஆகாயத்தை அளந்து, கண்டதை ஜனங்களுக்கு வெளியிட வேண்டும். தன் சொத்தின் எல்லையை அறியாதவன் அதைக் காப்பாற்ற மாட்டான். ஆகாயமாகிய பொதுச் சொத்துக்கும் இது பொருந்தும்.