மொட்டை மாடி விவசாயம் – 17: மருந்துக்கு முன் தேய்ப்பு

சித்திரை முடியும்போது மாடியில் கத்தரியும் தக்காளியும் காய்த்து ஓய்ந்திருக்கும். போன வாரம் அவற்றைப் பிடுங்கி, மண்ணைத் தார்ப்பாயில் கொட்டிக் காயவிட்டோம். ஆடிப்பட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இப்போது கையில் இருப்பவை காலித் தொட்டிகள்: நர்சரியிலிருந்து செடியோடு வந்த மெல்லிய கறுப்புத் தொட்டிகள், கடையில் வாங்கிய கனத்த தொட்டிகள், நாற்று விட்ட குழித்தட்டுகள். எல்லாம் பிளாஸ்டிக்.

தொட்டி கழுவுவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே "என்ன மருந்து ஊற்றணும்?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். மருந்து கடைசி வேலை. பல தொட்டிகளுக்கு அது தேவைப்படாது. பலனில் பெரும்பங்கு தேய்ப்பில்தான் இருக்கிறது. ஏன் என்று தெரிய, காலித் தொட்டியின் உட்சுவரில் என்னென்ன ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கண்ணுக்கு முதலில் தெரிவது வெள்ளைப் படிவம். போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் விளிம்பிலும் அடித்துளைகளைச் சுற்றியும் இது கெட்டியாக இருக்கும். கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும், நாம் போட்ட உரத்தின் உப்பும் தண்ணீர் ஆவியான இடத்தில் தங்கியதுதான் அது. அப்படியே விட்டால், அடுத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது உரத்தின் உப்பு கரைந்து வேருக்குப் போகும். இளம் நாற்றின் இலை நுனி கருகுவதற்கு அந்த உப்பும் ஒரு காரணம்.

கண்ணுக்குத் தெரியாதது நோய். விதை முளைத்து இரண்டு இலை விட்டதும் நாற்று தண்டடியில் இற்றுச் சாய்ந்துவிடுகிறதே, அந்த நாற்றழுகலுக்குக் காரணமான பித்தியம், ரைசாக்டோனியா போன்ற கிருமிகள் ஒட்டியிருக்கும் மண்ணிலும் வேர்த்துணுக்கிலும் உறங்கிக் கிடக்கும். வாடல் நோய் தரும் பியூசேரியத்தின் தடித்த சுவர் கொண்ட வித்துகள் செடியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நூற்புழுவின் முட்டைகளும் அந்த வேர்த்துணுக்குகளில்தான் இருக்கின்றன.

மூன்றாவது, செடியைவிட நமக்கே ஆபத்தானது: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை. இந்தக் கொசு, தேங்கிய தண்ணீரின் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரச் சுவரில் முட்டைகளை ஒட்டவைக்கிறது. தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்த நிலையில் பல மாதம் உயிரோடு இருந்து, மறுபடி தண்ணீர் ஏறி நனைத்ததும் பொரிக்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற ஆசியக் கொசு 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பரவியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டபோது, கப்பலில் வந்த பழைய டயர்களோடு அது வந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தார்கள். கடல் தாண்டி வந்த முட்டைக்கு நம் மாடியில் ஒரு கோடையைக் கடப்பது பெரிய காரியம் இல்லை. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும், அடித்துளை அடைத்துக்கொண்ட தொட்டிக்கும் இது அப்படியே பொருந்தும். தட்டை வாரம் ஒரு முறை கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்க்கவும் வேண்டும்.

உப்பு, நோய், முட்டை மூன்றும் சுவரைப் பற்றிக்கொண்டிருப்பவை என்பதால்தான் தேய்ப்புக்கு முதலிடம்.

தேய்ப்பதற்கு முன் ஒரு கழிவு வேலை உண்டு. தொட்டியின் விளிம்பை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள். வளைந்து திரும்பினால் இன்னும் ஆயுள் இருக்கிறது. 'பட்'டென்று விரிசல் விட்டாலோ, தேய்த்த விரலில் மாவு போல ஒட்டினாலோ அதை மறுபடி மாடிக்கு ஏற்ற வேண்டாம். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூறுகளை அறுத்துவிட்டது என்று அர்த்தம். இனி அது உடைந்து உடைந்து மண்ணில்தான் கலக்கும். கறுப்புத் தொட்டிகள் கொஞ்சம் கூடுதல் நாள் நிற்பதற்கு, அவற்றில் சேர்த்த கரித்தூள் அந்தக் கதிரை உறிஞ்சிக்கொள்வதுதான் காரணம்.

கழித்ததைக் காயலான் கடைக்குக் கொண்டுபோகுமுன் அடிப்பக்கம் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஒரு எண் இருக்கும். 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 2 என்றால் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். இரண்டையும் உருக்கி மறுபடி பொருளாக்கலாம். 6 என்றால் பாலிஸ்டைரீன். மெல்லிய நாற்றுத்தட்டுகளில் இதைப் பார்க்கலாம். இதை வாங்க ஆள் கிடைப்பது அரிது.

இனி வேலை. முதலில் தொட்டியைக் காயவிட்டுத் தட்டுங்கள். காய்ந்த மண் தானாக உதிரும், ஈர மண் சாக்கடையை அடைக்கும். அடித்துளைகளில் சிக்கிய வேரை ஆணியால் குத்தி எடுங்கள். பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேங்காய் நாராலோ பிரஷ்ஷாலோ உள்ளும் புறமும், முக்கியமாக விளிம்பின் அடிமடிப்பிலும், தேய்க்க வேண்டும். கம்பி நார் வேண்டாம். அது கீறிவிட்ட கோடுகளில்தான் அடுத்த பருவத்து அழுக்கு குடியேறும்.

சோப்புக்கு மசியாத வெள்ளைப் படிவத்துக்கு அமிலம் வேண்டும். பித்தளைப் பாத்திரத்துக்குப் போடும் புளியே இங்கும் உதவும். எலுமிச்சை மூடி, வினிகர் எதுவானாலும் சரி. தடவி அரை மணி ஊறவிட்டுத் தேய்த்தால் படிவம் இளகும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். இந்த அலசலைத் தவிர்க்கக் கூடாததற்குக் காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

போன முறை செடி நன்றாக வளர்ந்து காய்த்த தொட்டிக்கு இதுவரை செய்ததே போதும். விதை போடப்போகும் குழித்தட்டுக்கும், செடி வாடியோ அழுகியோ செத்த தொட்டிக்கும் மட்டும் கிருமி நீக்கம் செய்யுங்கள். தக்காளி பச்சையாக இருக்கும்போதே திடீரென்று துவண்டு செத்திருந்தால், பிடுங்கும்போது தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பார்த்திருக்கலாம். வெட்டிய முனையிலிருந்து பால் போன்ற இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தத் தொட்டியைக் கட்டாயம் இந்தப் படிக்கு அனுப்புங்கள். அதன் மண்ணை மற்ற மண்ணோடு கலக்காதீர்கள்.

ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 15 கிராம் புதிய ப்ளீச்சிங் பவுடர். கலக்கித் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக்கொள்ளுங்கள். கடையில் திரவமாகக் கிடைப்பதானால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். தொட்டி 10 முதல் 30 நிமிடம் மூழ்கியிருக்கட்டும். தேய்க்காத தொட்டியை இதில் போட்டால் பயன் இல்லை. குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும், கிருமிக்கு எதுவும் மிஞ்சாது. வினிகரோ கழிவறை கழுவும் ஆசிடோ இதில் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது. கலந்தால் நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். முன்பு அலசச் சொன்னது இதற்காகத்தான். கையுறை போட்டு, திறந்த வெளியில் செய்யுங்கள்.

ப்ளீச்சிங் பவுடர் வாசமே ஆகாது என்பவர்களுக்குக் கத்திரி வெயில் இருக்கிறது. ஈர மண்ணைப் பாலித்தீன் தாளால் மூடி, வெயில் சூட்டிலேயே நோய்க் கிருமிகளைக் கொல்லும் முறையை இஸ்ரேலின் யாக்கோவ் கட்டானும் குழுவினரும் 1976இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். தொட்டிக்கும் அதே வழிதான். கழுவிய தொட்டிகளை ஈரத்தோடு அடுக்கி, நிறமில்லாத பாலித்தீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி, ஓரங்களில் செங்கல் வையுங்கள். தொட்டி மண்ணுக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வழிகாட்டி சொல்லும் அளவு, 60 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் அல்லது 70 டிகிரியில் அரை மணி. உள்ளே ஒரு வெப்பமானியை வைத்தால் ஊகிக்க வேண்டியிருக்காது. உலர்ந்த சூட்டைவிட ஈரச் சூட்டில் கிருமி சீக்கிரம் சாகும் என்பதால் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில நாளில் எடுத்துவிடுங்கள். கிருமியைக் கொல்லும் அதே வெயில், வாரக்கணக்கில் விட்டால் தொட்டியையும் அரித்துவிடும்.

கழுவிய தொட்டியை நிமிர்த்தி வைத்தால், கோடை மழை ஒன்று போதும், துளை அடைத்த ஏதாவது ஒன்றில் ஏடிஸ் திரும்ப வந்துவிடும். கவிழ்த்து, அளவுவாரியாக அடுக்கி, படிக்கட்டுக்கு அடியிலோ தண்ணீர்த் தொட்டி நிழலிலோ வையுங்கள். குழித்தட்டுகள் மேலே இருக்கட்டும், ஆடியில் முதலில் தேவைப்படுபவை அவைதான்.

அடுத்த வாரம்: தார்ப்பாயில் காயும் பழைய மண்ணில் எதை வைத்துக்கொள்வது, எதைச் சேர்ப்பது?