இழுக்க இழுக்க இறுகும் நூல்

“கோடை விடுமுறையில் என் மகள் தக்ளி என்ற கைக்கதிரில் நூல் நூற்கக் கற்றுக்கொள்கிறாள். பஞ்சை இழுத்தால் பிய்ந்து வருகிறது. அதையே முறுக்கிவிட்டு இழுத்தால் பிய்வதில்லை. பசை எதுவும் தடவவில்லையே, எது பிடித்து வைத்திருக்கிறது?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

உராய்வு என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அது பாதிப் பதில்தான். முறுக்காத பஞ்சிலும் அதே இழைகள், அதே உராய்வு. பிறகு ஏன் அது பிய்கிறது?

பருத்தி இழை என்பது விதையின் தோலில் முளைத்த ஒற்றைச் செல். நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். காய் வெடித்து உலரும்போது தட்டையாகி, ஆங்காங்கே தானாகவே திருகிக்கொள்ளும். 40-ஆம் நம்பர் என்று சொல்லப்படும் மெல்லிய நூலை எந்த இடத்தில் வெட்டினாலும் குறுக்கே இப்படிப்பட்ட இழைகள் ஏறக்குறைய 90 இருக்கும். கிலோமீட்டர் கணக்கில் அறுபடாமல் ஓடும் அந்த நூலில், நாலு விரற்கடை நீளத்துக்குக்கூட முழுதாகப் போகும் இழை கிடையாது.

கனத்த போர்வையைத் துவைத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். முறுக்க முறுக்க, வெளிப்பக்கத் துணி உள்பக்கத் துணியைச் சுற்றி வளைகிறது. அப்போது இருவரும் பின்னால் சாய்ந்து இழுத்தால், வளைந்து கிடக்கும் வெளிப்பக்கம் நேராக முயல்கிறது. உள்ளே இருப்பதை நசுக்காமல் அதனால் நேராக முடியாது. நசுக்குகிறது, தண்ணீர் கொட்டுகிறது. நீளவாக்கில் கொடுத்த இழுவிசை குறுக்குவாக்கில் அழுத்தமாக மாறிவிட்டது.

நூலுக்குள் நடப்பதும் இதுவே. தண்ணீருக்குப் பதில் இழைகளுக்கு நடுவே இருந்த காற்று வெளியேறுகிறது. இழைகள் ஒன்றையொன்று அழுத்துகின்றன, அழுத்தம் கூடினால் உராய்வும் கூடுகிறது. ஆக, நூலை எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு பலமாக இழைகள் பற்றிக்கொள்கின்றன. அறுக்கப் பார்க்கும் விசையே நூலைக் கட்டிக் காக்கிறது.

அந்தப் போர்வையை இன்னும் கொஞ்சம் பிழியலாம். அதில் நைந்து மெலிந்த இடம் இருந்தால் முறுக்கு முதலில் அங்கேதான் ஏறும். தடித்த இடம் கடைசிவரை தொளதொளவென்று கிடக்கும். நூற்பவரின் கைக்கு இது பெரிய உதவி. மெல்லிய இடத்தில் முறுக்கு ஓடி அதைப் பூட்டிவிடுகிறது. தடித்த இடத்தில் முறுக்கு குறைவு என்பதால் இழைகள் இன்னும் வழுக்குகின்றன. மெல்ல இழுத்தால் அந்த இடம் நீண்டு மெலிகிறது. மெலிந்ததும் முறுக்கு அங்கேயும் வந்துவிடுகிறது. மேடுபள்ளங்களை நூல் தானே சமன்செய்துகொள்கிறது. முறுக்கி முடித்த போர்வையைத் தளரவிட்டால் நடுவில் மடங்கித் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளுமே, முறுக்கு மிகுந்த நூலும் அப்படித்தான் சுருண்டு சிக்காகும். இற்றுப்போன போர்வையை மிகையாக முறுக்கினால் கிழியும். நூலிலும் முறுக்கு மீறினால் இழைகள் மிகவும் சாய்ந்து, வலு குறையத் தொடங்கும். 40-ஆம் நம்பர் நூலுக்கு அங்குலத்துக்குச் சுமார் 25 சுற்று போதும்.

நார்க்கயிற்றை வைத்து இந்தப் புதிரைக் கலிலியோ 1638-இல் வெளியான தம் புத்தகத்திலேயே எழுப்பிவிட்டார். 2018-இல் வாரன், பால், கோல்ட்ஸ்டைன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: இழைகளின் தொடுபுள்ளிகளும் உராய்வும் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் இழைகள் நழுவவே முடியாது, அறுந்தால்தான் உண்டு. முறுக்கு சற்றே கூடினாலும் பிடிமானம் பல மடங்கு பெருகுகிறது என்று 2022-இல் செகன், க்ராசூ என்ற இரு ஆய்வாளர்கள் சோதனையிலும் காட்டினார்கள். இதைப் ‘புதிர் தீர்ந்தது’ என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். கணக்கில் வரும் இழைகள் ஒழுங்கானவை. உண்மைப் பஞ்சில் நீளம், திருகல், ஈரம் எல்லாமே இழைக்கு இழை மாறும். ஆனால் அந்த எல்லையை வீட்டிலேயே பார்க்கலாம். நூற்ற நூலில் ஐந்து சென்டிமீட்டர் பிடித்து, முறுக்கைப் பிரித்து இழுத்தால் சத்தமில்லாமல் பிரிந்துவரும், முனைகள் நீண்டு மெலிந்திருக்கும். முறுக்கோடு இழுத்தால் ‘பட்’டென்று அறும், முனைகள் குட்டையாக இருக்கும். முதலாவதில் இழைகள் நழுவின, இரண்டாவதில் அறுந்தன.

கோடையில் நூற்பவர்களுக்கு ஒரு சொல். பருத்தி ஈரத்தில் வலுக்கும் இழை. காற்று வறண்டால் நூல் அடிக்கடி அறும், மின்னேற்றம் பெற்ற இழைகள் ஒன்றையொன்று விலக்கிப் பறக்கும். நூற்பாலைகள் செலவு செய்து காற்றில் ஈரம் சேர்ப்பது இதற்காகத்தான். உள்மாவட்டங்களில் இருப்பவர்கள் மே மாத மத்தியானத்தில் தக்ளியோடு போராட வேண்டாம், விடியற்காலை நல்லது.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். பிரான்ஸின் அப்ரி து மாராஸ் பாறை ஒதுக்கிடத்தில், 40,000 ஆண்டுகளுக்கு முன்பே நியாண்டர்தால் மனிதர்கள் மரப்பட்டை நாரை முறுக்கி, மூன்று புரி சேர்த்துத் திரித்த சிறு கயிற்றுத் துண்டு கிடைத்திருக்கிறது. பலுசிஸ்தானின் மெஹர்கரில் புதிய கற்காலப் புதைகுழி ஒன்றின் செம்பு மணிக்குள் பருத்தி நூல் தங்கியிருந்தது. தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் வடிவமைத்த அம்பர் ராட்டை 1950-களில் நாடெங்கும் பரவியது. கருவிகள் மாறின, முறுக்கு மாறவில்லை.

நூற்றதைப் பின்னப் போகிறவர்கள் இரண்டு நூலைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்வது நல்லது. ஒற்றைப் புரி நூலில் தேங்கிய முறுக்கு, பின்னிய பிறகும் பிரியப் பார்க்கும், கண்ணிகளைச் சாய்க்கும். பனியனைச் சில முறை துவைத்ததும் ஓரத் தையல் வயிற்றுப் பக்கம் திரும்பி வருகிறதே, காரணம் பெரும்பாலும் இதுதான். எதிர்முறுக்கு அந்தத் தேக்கத்தைத் தணித்துவிடும்.

விடுமுறை தொடங்கியதுமே ‘பின்னல் மூளைக்கு மருந்து’, ‘ஆறு நிமிடம் படித்தால் மன அழுத்தம் 68 சதவீதம் குறையும்’ என்ற செய்திகளும் சுற்றத் தொடங்கிவிடும். அந்த 68 சதவீதம் 2009-இல் பத்திரிகைச் செய்தியாகப் பரவிய கணக்கு, பிற அறிஞர்கள் சரிபார்த்த ஆய்விதழ்க் கட்டுரையிலிருந்து வந்ததல்ல. பின்னல் பற்றி 2013-இல் வந்த ஆய்வு முறையானது, 3,545 பேர் பதிலளித்தார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் அமைதியாக உணர்வதாகச் சொன்னார்கள். ஆனால் பதில் சொன்ன எல்லோரும் ஏற்கெனவே பின்னலை விரும்பிப் பின்னுகிறவர்கள். பின்னல்தான் அமைதியைத் தந்தது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

அவர்கள் உணர்ந்த மகிழ்ச்சியை நான் சந்தேகிக்கவில்லை. அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன். தக்ளியோடு ஒரு மணி நேரம், பிறகு இழைத் தொழிலின் வரலாற்றைச் சொல்லும் எலிசபெத் வேலண்ட் பார்பரின் 1994-ஆம் ஆண்டுப் புத்தகம் போல ஒன்றோடு ஒரு மணி நேரம் என்று பகலைக் கழிப்பவர், விசை எப்படித் திசை மாறுகிறது என்பதை விரலாலேயே அறிந்துகொள்கிறார். மன அழுத்தக் கணக்குகள் நாளைக்குத் தவறென்று ஆகலாம். இந்த அறிவு தவறாகப் போவதில்லை.