மரபுக் குறியீட்டைப் படிப்பது யார்?

ரைபோசோம்தான் மரபுக் குறியீட்டைப் படிக்கிறது என்று சொல்லிப் பழகிவிட்டோம். பாதிதான் உண்மை. 1962இல் ஷாப்வில், லிப்மன் குழுவினர், டிஆர்என்ஏவில் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்த சிஸ்டீனை ரேனி நிக்கலால் அலனினாக மாற்றினர். ரைபோசோம் அதைக் கண்டுகொள்ளாமல், சிஸ்டீனுக்குரிய இடத்தில் அலனினையே கோத்தது. அது முதன்மையாகச் சரிபார்ப்பது கோடான், ஆன்டிகோடான் பொருத்தத்தை, டிஆர்என்ஏ சுமந்துவரும் அமினோ அமிலத்தை அல்ல. ஆக, எந்த டிஆர்என்ஏவுக்கு எந்த அமினோ அமிலம் என்று தீர்மானிப்பவை அமினோஅசைல் டிஆர்என்ஏ சிந்தடேஸ் நொதிகளே.

ஐசோலியூசினுக்கும் வேலினுக்கும் ஒரே ஒரு மெத்திலீன் தொகுதிதானே வேறுபாடு, ஐசோலியூசினுக்கான சிந்தடேஸ் நொதி ஏமாறாதா? நியாயமான ஐயம், லைனஸ் பாலிங்கே எழுப்பியது. ஏமாறத்தான் செய்கிறது. ஆனால் அந்த நொதியில் இரண்டாவது குழி ஒன்று உண்டு: ஐசோலியூசின் அதற்குள் நுழையாது, சற்றே சிறிய வேலின் நுழையும், நுழைந்ததும் நீராற்பகுப்பில் வெட்டி எறியப்படும். இதில் ஏடிபி வீணாகிறது என்பது மெய்தான். பிழையோ ஏறத்தாழ 3,000க்கு ஒன்றாகக் குறைகிறது.