'கல்லிங்' என்றால் பொறுக்குவதா, கொல்வதா?

வெலிங்டன் கன்டோன்மென்ட் சாலையில் பட்டப்பகலில் காட்டெருமை நிற்பது குன்னூர் வட்டாரத்தில் யாருக்கும் புதிதல்ல. தேயிலைத் தோட்டத்தில் அது யாரையாவது முட்டிவிட்டால்தான் பேச்சு சூடுபிடிக்கும். 'எண்ணிக்கை பெருகிவிட்டது, கல்லிங் செய்தால் என்ன?' என்ற கேள்வியும் கூடவே வரும்.

சொல் எங்கிருந்து வந்தது?

மூலம் லத்தீனின் 'கொல்லிகெரே'. ஒலியில் 'கொல்' இருந்தாலும், பொருள் ஒன்றுசேர்த்தல்தான். 'கலெக்டர்' பிறந்ததும் இதே வேரில். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது அதற்குப் பொறுக்கியெடுத்தல் என்றே பொருள். பிறகு மந்தையில் நோஞ்சான்களையும் கிழடுகளையும் பிரித்து ஒதுக்குவதைக் கால்நடை வளர்ப்போர் அப்படிச் சொன்னார்கள். ஒதுக்கப்பட்டவை கசாப்புக்குப் போயின. எண்ணிக்கையைக் குறைக்கக் கொல்வது என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில் நிலைத்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டெருமை முதல் அட்டவணையில் இருக்கிறது. 11ஆம் பிரிவின்படி, விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து அல்லது விலங்குக்கு மீளமுடியாத ஊனம், நோய் இருந்தால் மட்டுமே தலைமை வன உயிரினக் காப்பாளர் வேட்டைக்கு அனுமதி தரலாம். பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, இடம் மாற்றவோ முடியாதபோதுதான் கொல்லச் சொல்லலாம். 'எண்ணிக்கை கூடிவிட்டது' என்பது காரணமாகாது.

முதல் அட்டவணையில் இல்லாத சில விலங்குகளை மட்டும், குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்துக்கும், வேட்டையாடத் தடையில்லாத தீங்குயிரி என மத்திய அரசு அறிவிக்க 62ஆம் பிரிவு வழிவிடுகிறது. பீகாரில் நீலமானும் காட்டுப்பன்றியும் 2015 இறுதியில் அப்படி அறிவிக்கப்பட்டன.

'வேட்டை உத்தரவு' என்றால் சுடுவதா?

சட்டத்தில் 'வேட்டை' என்பதில் கொல்வதோடு உயிருடன் பிடிப்பதும் அடங்கும். 2014 ஜனவரியில் ஊட்டி அருகே மூன்று பேரைக் கொன்ற புலி சுட்டுக் கொல்லப்பட்டது. அதனால், 2021 அக்டோபரில் டி23 எனக் குறிக்கப்பட்ட புலிக்கு வேட்டை உத்தரவு வந்ததும், சுடப்போகிறார்கள் என்றே பலரும் நினைத்தார்கள். உடனே கொல்ல வேண்டாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அக்டோபர் 15 அன்று மசினகுடி அருகே மயக்க ஊசி போட்டு உயிருடன் பிடித்தார்கள்.

ஆகவே இத்தகைய செய்தி வந்தால் மூன்றைப் பாருங்கள்: விலங்கு எந்த அட்டவணை, உத்தரவு எந்தப் பிரிவு, சொல்லியிருப்பது பிடிக்கவா சுடவா.