எண்ணெய்ப் பணத்தை எதைக்கொண்டு அளப்பது?

பரம்பரை நிலத்தை விற்று வந்த பணத்தை யாரும் சம்பாத்தியம் என்று சொல்வதில்லை. அது முதல். தின்று தீர்த்தால் திரும்ப வராது. பூமிக்கடியில் கிடக்கும் எண்ணெயும் அப்படிப்பட்ட சொத்துதான். இந்த எளிய உண்மையைத் தொடக்கத்திலேயே சட்டமாக எழுதிக்கொண்ட சிறிய ஏழை நாடு கிழக்குத் திமோர். 24 ஆண்டு இந்தோனேசிய ஆக்கிரமிப்பில் இருந்த நாடு அது. 1999-இல் மக்கள் விடுதலைக்கு வாக்களித்தபோது வீடுகளும் பள்ளிகளும் மின்கம்பிகளும் எரிக்கப்பட்டன. 2002 மே 20 அன்று அது சுதந்திர நாடானது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், திமோர் கடலில் பாயு-உண்டான் எண்ணெய்-எரிவாயு வயலிலிருந்து பணம் வரத் தொடங்கியது. இன்று அங்கே வாழ்பவர்கள் சுமார் 13 லட்சம் பேர்.

2005-இல் வந்த பெட்ரோலிய நிதியச் சட்டம் நார்வேயைப் பார்த்து எழுதப்பட்டது. எண்ணெயாலும் எரிவாயுவாலும் வரும் பணம் முழுவதும் முதலில் நிதியத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து செலவுக்கு வெளியே வர ஒரே வாசல்தான் உண்டு: நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட அரசு பட்ஜெட். கையிருப்பையும் கடலுக்கடியில் இன்னும் மிச்சமிருக்கும் வளத்தின் மதிப்பையும் கூட்டி, அதில் ஆண்டுக்கு 3 சதவீதம் எடுத்தால் முதல் குறையாது என்பது கணக்கு. அதற்கு மேல் எடுக்க வேண்டுமானால், நாட்டின் நீண்டகால நலனுக்கு அது ஏன் தேவை என்று அரசு நாடாளுமன்றத்தில் விளக்க வேண்டும். பாஸ்பேட் விற்ற செல்வத்தை வீண் முதலீடுகளில் தொலைத்த நவ்ரு நாட்டின் கதையை அறிந்தவர்களுக்கு இந்தப் பூட்டின் அருமை புரியும். 20.5 கோடி டாலரோடு தொடங்கிய நிதியம், 2023-இன் முடிவில் சுமார் 1,800 கோடி டாலராக நின்றது.

இந்தத் தொகையை மட்டும் பார்த்தால் கிழக்குத் திமோர் வென்ற நாடு. அங்குள்ள குழந்தைகளை நிற்கவைத்து உயரம் அளந்தால் வேறு பதில் கிடைக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2009-10 ஆய்வில் 58 சதவீதம், 2020 ஆய்வில் 47 சதவீதம். குறைந்திருப்பது உண்மை; ஆனாலும் உலகின் மிக மோசமான அளவுகளில் அது ஒன்று. மலைக்கிராமங்களில் முந்தைய அறுவடையின் சோளம் தீர்ந்து, புதிய கதிர் முற்றாத மாதங்களைப் பசிக்காலம் என்றே சொல்கிறார்கள். அந்த நாட்களில் தாய் சாப்பிடுவதும் குறைவு, குழந்தைக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் கஞ்சி. சுத்தமில்லாத தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கு, தின்றதையும் உடம்பில் ஒட்ட விடுவதில்லை. கருவில் தொடங்கி இரண்டு வயது வரையுள்ள ஆயிரம் நாட்களில் இழந்த வளர்ச்சியைப் பின்னால் பெரும்பாலும் மீட்க முடியாது. அதோடு படிப்பும் பிற்காலத்து உழைப்பும் சேர்ந்தே குறைகின்றன. நிதியத்தின் இருப்பைவிட இந்த உயரமே எண்ணெய்ப் பணத்துக்குச் சரியான அளவுகோல் என்பது என் வாதம்.

பணம் வெளியே வராததா காரணம்? இல்லை. பெரும்பாலான ஆண்டுகளில் அரசு 3 சதவீத வரம்பைத் தாண்டியே எடுத்தது. சில ஆண்டுகளில் அந்தத் தொகை 100 கோடி டாலருக்கும் மேல் போனது. அதில் கணிசமான பகுதி தென்கடற்கரையில் எண்ணெய்த் தொழில் நகரங்கள் எழுப்பும் கனவுக்குப் போனது. அங்குள்ள சுவாயில் 2017-இல் விமான நிலையம் திறந்தார்கள். சுமார் 30 கிலோமீட்டருக்கு நான்குவழிச் சாலையும் போட்டார்கள். அவற்றை நிறைக்கும் அளவுக்குப் பயணிகளும் இல்லை, சரக்கும் இல்லை. கிரேட்டர் சன்ரைஸ் எரிவாயு வயலில் பெரும்பான்மைப் பங்கு வாங்க 65 கோடி டாலர் செலவானது. அந்த வயலிலிருந்து இன்னும் எரிவாயு எடுக்கப்படவில்லை.

எரிந்துகிடந்த நாடு வங்கியில் பணத்தைப் பூட்டிவைத்துக் காத்திருக்க முடியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சாலையும் மின்சாரமும் இல்லாத ஊரில் போடும் ஒரு டாலர், அமெரிக்கக் கடன்பத்திரத்தில் போடுவதைவிட அதிகம் விளைவிக்கலாம். ஹெரா, பெட்டானோ மின்நிலையங்கள் வந்த பிறகு கிராமங்களில் விளக்கெரிந்ததே அதற்குச் சாட்சி. ஆனால் அந்த வாதம் எதில் போட்டாலும் விளையும் என்று சொல்லவில்லை. நல்ல குடிநீர், தாய்மாரின் உணவு, தானியம் கெடாமல் காக்கும் களஞ்சியம், கிராமச் செவிலியர் ஆகியவையும் கட்டுமானமே. கியூபாவின் உதவியோடு நூற்றுக்கணக்கான மருத்துவர்களை உருவாக்கிய நாட்டுக்கு மனிதரில் முதலீடு செய்யத் தெரியாமல் இல்லை.

சமாதானத்துக்கும் விலை உண்டு என்பது இன்னொரு வாதம். 2006-இல் நாட்டுக்குள் வெடித்த கலவரத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களை முகாம்களிலிருந்து வீடு சேர்க்கவும், முன்னாள் விடுதலைப் போராளிகளுக்கு ஓய்வூதியம் தரவும் எண்ணெய்ப் பணமே கைகொடுத்தது. அதை வீண் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கேட்கத் தெரிந்தவர்களின் பங்கு முதலில் வெட்டப்படும்போது, பேசத் தெரியாத கைக்குழந்தையின் பங்கு கடைசிக்குப் போய்விடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் நேரடியாகப் பணம் தரும் திட்டம் 2022-இல்தான் தொடங்கியது. எண்ணெய் வரத் தொடங்கிப் பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பிறகு!

பாயு-உண்டான் வயல் 2025-இல் வற்றி நின்றுவிட்டது. காப்பியைத் தவிர சொல்லிக்கொள்ளும்படியான ஏற்றுமதி இல்லாத நாட்டில், இதே வேகத்தில் செலவிட்டால் 2030-களின் நடுப்பகுதியில் நிதியம் தீரக்கூடும் என்று கணிப்புகள் சொல்கின்றன. இன்று ஒரு மலைக்கிராமத்தில் பிறக்கும் குழந்தைக்கு அப்போது பத்து வயதுதான் ஆகியிருக்கும். ஆனால் அதன் உயரம் அதற்கு வெகு முன்பே, முதல் ஆயிரம் நாட்களிலேயே முடிவாகியிருக்கும். ஆகவே மிச்சமிருக்கும் பணத்தில் முதல் பங்கு அந்தக் குழந்தைக்குப் போக வேண்டும். சாலையும் துறைமுகமும் அதன் பிறகு வரட்டும்.